வெண்குடுமியில் காணாமற்போன வெம்மை

கதிரவன் வழிவந்த குலத்தின் பதினெட்டாம் கொழுந்தும், கோடைக்குக் கட்டளையிட்டுக் கூதிருக்கு விடைகொடுப்பவரும், பரிதிமங்கலப் பேரரசின் ஏழு கோட்டங்களுக்கும் இறைவருமாகிய ஆழிமார்பத் தேவரின் திருவடிகளுக்கு, அவர்தம் அமைச்சன் தண்டலை வாணன் வெண்குடுமி மலையின் உச்சியிலிருந்து நடுங்கும் கையால் எழுதும் ஓலை. கை நடுங்குவது அச்சத்தால் அன்று, குளிரால் என்பதை முதற்கண் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆறு நிறைந்து ஓடுக. வயல் விளைந்து சாய்க. தேவரீரின் திருமூக்கு விரைவில் நலம் பெறுக. தூதுவளைச் சாறு அருந்திய பின் தும்மல் நாளுக்கு நாற்பதிலிருந்து பன்னிரண்டாகக் குறைந்தது என்று தூதன் சொல்லக் கேட்டேன். மலையும் காடும் அது கேட்டு மகிழ்ந்தன என்று எழுதுவது மரபு. மலையையும் காட்டையும் பற்றி அடியேன் அறியேன், அடியேன் மகிழ்ந்தேன்.

இடப்பட்ட பணியை முதலில் எடுத்துரைப்பது ஓலை முறை. தேவரீர் அறிந்ததே ஆயினும், பின்னாளில் இதைப் படிப்போர் எங்களைப் பித்தர் என்று எண்ணாதிருக்க அதைச் சொல்லியாக வேண்டும்.

தேவரீரின் ஏழாம் பாட்டனார் காலந்தொட்டு, ஆண்டுதோறும் மார்கழி முதல் நாளன்று, இம்மலையின் அடிவாரத்தில் பேரருள் கொப்பரை ஏற்றப்படுகிறது. முப்பது பேர் கைகோத்தாலும் வளைக்க முடியாத அந்தச் செப்புக் கொப்பரைக்குத் தனிக் குடை உண்டு, தனிக் கொடி உண்டு, காலையில் துயிலெழுப்பச் சங்கூதுவோர் இருவர் உண்டு. மார்கழி முழுதும் அதனடியில் தீ அணையாமல் எரியும். முதல் நாள் எழும் ஆவியை வேந்தர் தம் திருக்கையால் மலைப்பக்கம் தள்ளிவிட்டு, குளிரில் வாடும் வெண்குடுமிக் குடிகளுக்கு யாம் வழங்கும் வெம்மை இது என்று திருவாய் மலர்ந்தருள்வார். அதற்கு மறுமொழியாக, மலைநாட்டுத் தலைமையில் இருப்பவர் மூன்றாம் நாளுக்குள், "அருளிய வெம்மை வந்து சேர்ந்தது, வியர்த்தோம்" என்று ஒப்போலை அனுப்புவார். ஏழு தலைமுறையாக இவ்வழக்கம் தவறியதில்லை. ஏழு தலைமுறையாக ஓர் அரசரும் மலையேறிப் பார்த்ததும் இல்லை.

இவ்வாண்டு தேவரீர், வழங்கிய வெம்மையைத் தாமே துய்க்க விரும்பி, ஒன்பதாம் நாள் மலையேறினீர்கள். வெம்மை மிக்க இடத்துக்குப் போவதால் ஒற்றை மெல்துகில் உடுத்தி, மார்பில் சந்தனம் பூசி, இருபுறமும் விசிறியாளர் வர, பின்னே இளநீர்ச் சுமைகள் தொடர எழுந்தருளினீர்கள். உச்சியில் நேர்ந்ததை விரித்துரைக்க அடியேனுக்கு நாவில்லை. சந்தனம் மார்பிலேயே விறைத்தது. விசிறியாளர் மட்டும், நிறுத்தச் சொல்லிக் கட்டளை வராமையால், கீழே இறங்கும்வரை வீசிக்கொண்டே இருந்தனர். மலைக்குடிகள் பார்த்திருக்கத் தேவரீர் பதினொரு முறை தும்மினீர்கள்.

அப்போது மலைநாட்டுத் தலைவி பொருப்பி நாச்சியார் தம் தோளிலிருந்த கம்பளியைக் கழற்றித் தேவரீரிடம் நீட்டினார். நீட்டிய கம்பளி சூடாக இருந்தது. காணாமற்போன வெம்மை ஒளித்துவைக்கப்பட்ட இடங்களுள் அது ஒன்று என முடிவாகி, கம்பளி முத்திரையிடப்பட்டது, நாச்சியார் கட்டப்பட்டார்.

பின்பு கூடிய அவை செய்த ஆராய்ச்சி இது. புகை மேலே போகிறது. ஆவி மேலே போகிறது. விளக்கின் பக்கத்தில் கை நீட்டினால் பொறுக்கலாம், மேலே நீட்டினால் பொறுக்க முடியாது. ஆகவே வெம்மை மேலே ஏறும் பொருள். அன்றியும், மலையுச்சி குலமுதல்வனாகிய கதிரவனுக்குக் கீழ்நாட்டைவிட அருகில் உள்ளது. கீழிருந்தும் மேலிருந்தும் வெம்மை வந்து குவியவேண்டிய இடத்தில் அது இல்லையெனில், எவரோ எடுத்திருக்க வேண்டும். எடுத்தவர், வந்து சேர்ந்தது என்று எழுதிக் கொடுத்தவரே. அவையில் இதை மறுத்தவர் ஒருவரும் இல்லை. அடியேனும் மறுக்கவில்லை; தலையைக்கூட ஆட்டினேன். இன்று அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது.

அதன்மேல் தேவரீர் தம் கணையாழியை அடியேன் கையில் தந்து, மலைநாட்டின் வெம்மையைக் கவர்ந்தவர் எவராயினும், ஐயமறத் தெளிந்தபின், தை பிறக்குமுன் அவர் தலையைக் கொய்க என்று ஆணையிட்டீர்கள். எவராயினும் என்ற சொல்லை அவை எழுத்தர் இருவரும் எழுதிக்கொண்டனர். அறுபத்திரண்டு வயதில் மலையேறும்படி ஆயிற்றே என்று முழங்கால்கள் முறையிட, அடியேன் பல்லக்கில் புறப்பட்டேன்.

திருட்டு எவ்விடத்தில் நடக்கிறது என்று கண்டுபிடிக்க, காவற்படைத் தலைவன் இடும்பில் கடுவன் ஒரு வழி வகுத்தான். கொப்பரையின் பக்கத்துச் சூடான காற்றைப் பன்னிரண்டு தோல் துருத்திகளில் அடைத்து, வாயைக் கட்டி, அரக்கு முத்திரை வைத்தான். துருத்திக்கு ஒரு காவலன், காவலனுக்கு ஒரு மேற்காவலன் என நியமித்து, வழியில் எவரும் வெம்மையைத் தொடாதபடி வாளுருவி அழைத்து வந்தான்.

முதல் சாவடியில் துருத்திகள் சற்றுத் தளர்ந்திருந்தன. பயணக் களைப்பு என்று கடுவன் குறித்துக்கொண்டான். ஆனால் அடுத்த சாவடியிலிருந்து அவை மெல்ல மெல்லப் பருக்கத் தொடங்கின. மூன்றாம் சாவடியில் விருந்துண்டவர் வயிறுபோல் புடைத்தன. முத்திரை உடையவில்லை, எவரும் ஊதவில்லை. நான்காம் சாவடியில் ஒன்று தையல் விட்டு வெடித்தது. உள்ளிருந்த வெம்மை தப்பியோடிவிட்டதாக அறிவித்து, நான்கு திசையிலும் ஆள் விட்டுத் தேடினான் கடுவன். தேடிப் போனவர்களில் இருவர் சளிபிடித்துத் தடிமனோடு திரும்பினர்.

இன்னொன்றையும் கண்டோம். மூன்றாம் சாவடியில் தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெய் கலயத்திலேயே வெண்மையாகத் திரண்டது. நான்காவதில் நெய்யை எடுக்கக் கத்தி வேண்டியிருந்தது. ஐந்தாவதில், பூசிய எண்ணெய் அடியேன் குடுமியின் நுனியில் உறைந்து, திரும்பும்போதெல்லாம் கழுத்தில் குத்தியது. ஒவ்வொரு சாவடிக்கும் ஏறக்குறைய ஒரே அளவு குளிர் கூடிற்று. இவ்வளவு ஒழுங்காகத் திருடும் கள்வனை அடியேன் கண்டதில்லை. இங்கே முதன்முதலில் ஐயம் பிறந்தது.

வழியில் வேறொரு காட்சியும் உண்டு. மலைக்குடி ஆண்களும் பெண்களும் விறகுச் சுமையோடு வரிசையாய் இறங்கிக்கொண்டிருந்தனர். எம் பல்லக்குக்காக அவர்கள் பள்ளத்தோரம் ஒதுங்கி நின்றனர். அந்தக் குளிரிலும் அவர்கள் நெற்றியில் வியர்வை வழிந்தது. அடியேன் அதைப் பார்த்தேன், பார்த்துவிட்டுத் திரைச்சீலையை மூடிக்கொண்டேன்.

உச்சியில், தம் சொந்தத் தானியக் குதிர்களுக்கு நடுவே, கைகள் கட்டப்பட்டு அமர்ந்திருந்தார் பொருப்பி நாச்சியார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். மலைநாட்டார் வழக்கப்படி சுருக்கமாகப் பேசுபவர். கவர்ந்த வெம்மை எங்கே என்று முறைப்படி வினவினேன். வினவுகையில் பற்கள் ஒன்றோடொன்று மோதியதால் வினாவை மூன்று முறை கேட்கவேண்டியதாயிற்று. அவர் அடியேனை ஏறிட்டுப் பார்த்து, "ஐயா, கேள்வி அப்புறம் இருக்கட்டும். கையை அவிழ்த்துவிடுங்கள், தீ மூட்டித் தருகிறேன், இல்லையேல் நான் சாகுமுன் நீங்கள் போய்விடுவீர்கள்" என்றார்.

அவிழ்த்துவிட்டோம். அவர் இடுப்பிலிருந்து ஒரு சாண் நீளக் கொம்புக் குழலை எடுத்தார். ஒரு பக்கம் அடைத்த குழல். அதற்குள் இறுக்கமாய்ச் செல்லும் ஒரு தண்டு. தண்டின் நுனிக் குழியில் சிறிது காய்ந்த பஞ்சு. தண்டைக் குழலில் செருகி உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி அடித்து, சட்டென்று இழுத்தார். பஞ்சில் தீப்பொறி கனன்றது. சிக்கிமுக்கி இல்லை, கடைகோல் இல்லை. கடுவன் வாளைக் கீழே போட்டுவிட்டான். வெம்மையை எங்கிருந்து எடுத்தாய் என்று அவன் அதட்டிக் கேட்க, "காற்றிலிருந்து. காற்றை நெருக்கினால் சுடும், விட்டால் ஆறும். இது எங்கள் ஊரில் அடுப்பு மூட்டும் எல்லோருக்கும் தெரியும்" என்றார் நாச்சியார்.

அத்தோடு எஞ்சிய பதினொரு துருத்திகளில் ஒன்றைத் திறக்கச் சொன்னார். சீறி வெளிவந்த காற்றில் அடியேன் கை வைத்தேன். கொப்பரையருகே சுட்ட அதே காற்று, முத்திரை குலையாமல், வாளுருவிய காவலில் வந்த காற்று, சில்லென்று இருந்தது. அப்போதுதான் பேரரசின் மிக மூத்த அமைச்சனுக்கு அறிவு வந்தது. மூன்று நாள் இருந்து ஆராய்ந்து தெளிந்ததைத் தேவரீரின் மேலான செவிகளில் வைக்கிறேன்.

காற்றுக்கும் எடை உண்டு. கீழ்நாட்டுக் காற்று, தன்மேல் கிடக்கும் காற்றனைத்தையும் சுமந்து, அடுக்கிய பஞ்சு மெத்தைகளில் அடியில் கிடக்கும் மெத்தைபோல் நெருங்கிக் கிடக்கிறது. அது சூடேறி மேலே கிளம்புவது உண்மை. அவை அதில் தவறவில்லை. ஆனால் மேலே செல்லச் செல்ல, அதை அமுக்கும் சுமை குறைவதால் அது விரிகிறது. விரிய வேண்டுமானால் சுற்றியுள்ள காற்றைத் தள்ளி இடம்பிடிக்க வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் முழங்கையால் இடித்து வழிசெய்து போகிறவன் சந்நிதி சேரும்போது களைத்திருப்பான் அல்லவா? அவ்வாறே காற்றும் தன் வெம்மையையே செலவிட்டு, மலையுச்சியை அடையும்போது வெறுங்கையோடு நிற்கிறது. துருத்திகள் பருத்ததும் இதனாலேயே. நாச்சியார் இதை, "உங்கள் ஊர்க் காற்று குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறது, எங்கள் ஊர்க் காற்று காலை நீட்டிப் படுத்திருக்கிறது" என்று ஒரே வரியில் சொன்னார். அடியேனுக்கு ஒரு பத்தி ஆயிற்று.

கதிரவனுக்கு அருகில் என்ற வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். அரண்மனை மாடியில் ஏறி நின்றால் நிலவு ஒரு விரற்கடைகூடப் பெரிதாகத் தெரிவதில்லை. கதிரவனின் தொலைவுக்கு முன் இம்மலை அம்மாடியினும் சிறிது. அன்றியும், தேவரீரின் குலமுதல்வன் காற்றைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. அவன் கதிர் காற்றினூடே கடந்துபோய் மண்ணைத்தான் சுடுகிறது. சுட்ட மண்தான் தன்மேல் கிடக்கும் காற்றைச் சூடாக்குகிறது. காற்றுக்கு அடுப்பு காலடியில் இருக்கிறது, தலைமேல் இல்லை. பரந்த கீழ்நாட்டு மண்ணில் காய்ந்த காற்று அங்கே சூடாகக் கிடக்க, அந்த அடுப்புக்கு வெகுமேலே ஒற்றைக் கூம்பாய் நீட்டி நிற்கும் இம்மலையைச் சுற்றி ஓடுவது குளிர்ந்த காற்றே. இங்கே பாறையின்மேல் நண்பகலில் கை வைத்தால் சுடுகிறது. ஒரு முழம் தூக்கினால் குளிர்கிறது. வெயில் பட்ட வலக்கன்னம் தோலுரிந்தும், நிழற்பட்ட இடக்கன்னம் விறைத்தும் அடியேன் இருக்கும் இந்நிலையே அதற்குச் சான்று.

அதனினும் வியப்பு ஒன்று உண்டு. மலையிலிருந்து கீழ்நோக்கி இறங்கும் காற்று, மறுபடியும் நெருக்கப்பட்டு, செலவிட்ட வெம்மையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. மீதித் துருத்திகளை வாய்கட்டியபடியே கீழே அனுப்பியுள்ளேன். அவை இறங்க இறங்கச் சுருங்குவதைத் தேவரீர் காணலாம். ஏறும்போது விடுகிறது, இறங்கும்போது பெறுகிறது. ஆகாயத்தில் களவு இல்லை. நாச்சியார் திருடவில்லை என்பதில் அடியேனுக்கு ஐயமில்லை.

ஆயினும் அவர் உயிர் தப்பிவிடவில்லை. வெம்மை வந்து சேரவில்லை என்றால், வந்து சேர்ந்தது என்று அவர் எழுதியது பொய்யோலை. அரசருக்குப் பொய்யோலை விடுப்பவருக்கும் தண்டனை அதே வாள்தான். வந்தது என்றால் களவு, வரவில்லை என்றால் பொய். இதைச் சொல்ல அடியேனுக்கு மனம் வரவில்லை, ஆனாலும் சொன்னேன். ஏன் அவ்வாறு எழுதினீர்கள் என்று கேட்டேன். தம் தாயும் அப்படித்தான் எழுதினார், தாயின் தாயும் அப்படித்தான் எழுதினார், அன்போடு கொடுக்கிறவரிடம் வரவில்லை என்று சொல்வது மரியாதை அன்று என்று எண்ணிவிட்டோம் என்றார். தீயில் ஒரு சுள்ளியை இட்டுவிட்டு, "ஆனால் ஐயா, பாதிதான் பொய். வியர்த்தோம் என்றது மெய்" என்றார்.

எப்படி வியர்க்கும் என்று கேட்டேன். அவர் விரலால் வெளியே காட்டினார். விறகுச் சுமைகள் இறங்கிக்கொண்டிருந்தன.

தேவரீர், கொப்பரையின் அடியில் மார்கழி முழுதும் எரியும் விறகு எங்கிருந்து வருகிறது என்று ஏழு தலைமுறையில் எவரும் கேட்கவில்லை. அடியேன் முப்பது ஆண்டு அமைச்சு நடத்தியும் கேட்கவில்லை. அது வெண்குடுமி நாட்டு விறகு. இக்குடிகள் ஐப்பசியில் வெட்டி, கார்த்திகையில் உலர்த்தி, மார்கழியில் நாள்தோறும் சுமந்து இறக்குவது. அவர்கள் குளிர்காய வைத்திருக்கவேண்டிய விறகு. அதைக் கீழே எரித்து, எழும் ஆவியைக் கையால் மேலே தள்ளிவிட்டு, வெம்மை வழங்கினோம் என்கிறோம். காற்று கொண்டுபோனது திரும்பி வருகிறது. கொப்பரை தின்றது திரும்பி வருவதில்லை. இந்த மார்கழியில் மட்டும் குளிரால் மூன்று முதியோரும் ஒரு கைக்குழந்தையும் இறந்ததாக நாச்சியார் சொன்னார். குற்றம் சாட்டுவதுபோல் சொல்லவில்லை, கேட்டதற்கு விடையாகச் சொன்னார். அடியேனுக்கு அழுகை வந்தது. முத்திரையிட்ட சான்றுப் பொருளாகிய அந்தக் கம்பளியை முத்திரை நீக்கிப் போர்த்திக்கொண்டு அழுதேன். அதை இன்னும் கழற்றவில்லை. சான்றுப் பொருளை அமைச்சன் தன் மேனியிலேயே வைத்துக் காத்துவருகிறான் என்று பதிவு செய்யவும்.

ஆகவே, மலைநாட்டின் வெம்மையைக் கவர்ந்தவர் எவர் என்பது ஐயமறத் தெளிந்தது. எவராயினும் என்பது தேவரீரின் திருவாக்கு. அதை மீற அடியேனுக்கு உரிமையில்லை. கையிலுள்ள கணையாழியின் அதிகாரத்தால், தேவரீரின் பெயராலேயே பின்வருமாறு ஆணையிட்டுள்ளேன்.

குற்றவாளியாகிய பேரரசுக் கொப்பரையின், பேரருள் எனும் பட்டம் இன்றோடு பறிக்கப்பட்டது. அதன் தலையை, விளிம்பிலிருந்து இரண்டு முழம் அளவு, செம்பு வேலை செய்யும் கன்னாரைக் கொண்டு அறுத்தெடுக்க. குடையையும் கொடியையும் முன்னதாக இறக்கிவிடுக. தண்டனை பெறுபவருக்குக் குடை பிடிப்பது முறையன்று. சங்கூதுவோர் இருவரும் அன்று ஒருமுறை ஊதிவிட்டு வீடு செல்க. அறுத்த செம்பை மலைக்கு அனுப்பி, வீட்டுக்கொன்றாய்க் கணப்புச் சட்டி அடித்துத் தருக. வழியில் இறங்கிக்கொண்டிருக்கும் விறகு அனைத்தும் இக்கணமே திரும்பி ஏறுக. அவற்றுக்கு உதவியாக, துருத்திக்குக் காவல் வந்த வீரரும் மேற்காவலரும் வாளை உறையிலிட்டுவிட்டுத் தலைக்கு ஒரு சுமை தூக்குக. கடுவன் இரண்டு சுமை தூக்க இசைந்துள்ளான். பொருப்பி நாச்சியார் விடுதலை பெறுக.

தேவரீருக்குச் சினம் வரும் என்பதை அறிவேன். சினத்துக்கு நடுவே ஒன்றை எண்ணிப் பார்த்தருள்க. ஏழு தலைமுறை முன்னோரும் வெம்மை வழங்கியதாகச் சொன்னார்கள். விறகை எடுக்காமல் விட்டு, மெய்யாகவே இம்மலைக்கு வெம்மை வழங்கிய முதல் வேந்தர் தேவரீரே. கல்வெட்டில் பொறிக்க ஏற்றது. பொய்யில்லாமல் பொறிக்கலாம் என்பது கூடுதல் நன்மை. இதில் பிழையுண்டெனில் அடியேன் தலை இங்கேயே உள்ளது. தப்பியோட எண்ணமில்லை, முழங்கால்களும் அதற்கு இசையா.

குலம் தழைக்க, கோல் வளையாதிருக்க, தும்மல் முற்றிலும் நிற்க. மார்கழி இருபத்தாறாம் நாள், வெண்குடுமி உச்சியில், அரக்கு உருகாமையால் நாச்சியாரின் தீக்குழலில் மூட்டிய நெருப்பில் உருக்கி, கணையாழி பதித்து விடுத்தேன். இதைக் கண்டவர் அனைவரும் இதன்படி நடக்க. கணையாழி இவ்வோலையோடு திரும்பி வருகிறது.

இத்துடன் இணைத்திருப்பது, வெண்குடுமி நாட்டுத் தலைவி பொருப்பி நாச்சியார், முன்பு விடுத்ததை மீட்டுக்கொண்டு, இவ்வாண்டுக்கெனப் புதிதாய் எழுதித் தந்த ஒப்போலை. அதில் ஓர் எழுத்தையும் அடியேன் திருத்தவில்லை:

"அருளிய வெம்மை வந்து சேரவில்லை. விறகு வந்து சேர்ந்தது. குளிர்காய்கிறோம்."